சாப்பாட்டுக் கூடத்து மாட்டுச்சந்தை

காட்டூர், திருச்சி
8-1-2024

மதிப்புக்குரிய ஜேக்கப் சாருக்கு,

பாலக்கரை படக்கடை குத்புதீன் சலாம் சொல்லி எழுதச் சொல்வது. இறைவன் அருளால் மூட்டு வலி தவிர மற்றபடி சுகம். நீங்களும் மகள் வீட்டாரும் சுகமாக இருக்க துஆ செய்கிறேன்.

முப்பத்தெட்டு வருஷம் கழித்து இவன் ஏன் கடுதாசி போடுகிறான் என்று நினைப்பீர்கள். போன் போடலாம் என்றுதான் பார்த்தேன். உங்கள் விலாசம் தந்தவர், சாருக்குக் காது மந்தமாகிவிட்டது, போனில் ‘யாரு, யாரு’ என்றே நேரம் போய்விடும் என்றார். அதுவும் நல்லதுக்குத்தான். போனில் என் பேரைக் கேட்டதும் நீங்கள் வைத்துவிட்டால் நான் என்ன செய்வேன்? கடுதாசி என்றால் பாதியாவது படித்துவிட்டுத்தான் கீழே வைப்பீர்கள். எனக்குக் கண்ணில் புரை விழுந்திருக்கிறது. அதனால் நான் சொல்லச் சொல்ல என் அறையில் இருக்கும் தைரியராஜ் சார் எழுதுகிறார். பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்று அவரே சொல்கிறார்.

என் வீட்டுக்காரி கமர் ஜஹான் போன வருஷம் நோன்புக்கு முன்னால் மௌத்தாகிவிட்டாள். மகன் தாஹா ஷார்ஜாவில் இருக்கிறான். ‘நீங்க தனியா இருக்க வேணாம் அத்தா’ என்று சொல்லி, தஞ்சாவூர் ரோட்டை ஒட்டி இருக்கும் இந்த முதியோர் இல்லத்தில் சேர்த்தான். வந்து மூன்று மாதம் ஆகிறது. அவனைக் குறை சொல்ல மாட்டேன். வாரம் இரண்டு தடவை பேசுகிறான்.

விஷயத்துக்கு வருகிறேன். வந்த அன்றைக்கு மதியம் சாப்பாட்டுக் கூடத்தில் தட்டை வைத்துக்கொண்டு தலை நிமிர்ந்தேன். எதிர்ச் சுவரில் ஒரு படம். நான் படத்தைப் பார்க்கவில்லை, சட்டத்தைத்தான் பார்த்தேன். சட்டம் போடுகிறவன் பழக்கம் அப்படி. இரண்டு விரல் அகலத் தேக்கு, உள்பக்கம் மெல்லிசாக ஒரு தங்க வரி. கிட்டே போய்ப் பார்த்தால், இடது கீழ் மூலையில் இணைப்பு நூல் அளவு வாய் பிளந்து, அதில் மெழுகு வைத்து அடைத்திருக்கிறது. அந்த மெழுகு நான் வைத்தது சார். மழைக்காலத்தில் அறுத்த கட்டை, காய்ந்ததும் பிளந்துகொண்டது. என் வேலையில் இருந்த குறையை வைத்துத்தான் அது என் வேலை என்று அடையாளம் தெரிந்தது. அப்புறம்தான் கண்ணாடிக்கு உள்ளே பார்த்தேன். மணப்பாறை மாட்டுச்சந்தை. நீங்கள் போட்ட படம்.

தில்லை நகர் டாக்டர் உங்களிடம் வாங்கினாரே, அதேதான். அவர் காலத்துக்குப் பிறகு வீட்டை இடித்து ஃப்ளாட் கட்டியபோது, பேரன் பழைய நாற்காலிகளோடு இதையும் இங்கே கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போயிருக்கிறான். ஸ்டோரில் கிடந்ததை, கூடத்துச் சுவரில் ஈரக்கறை பார்க்கச் சகிக்கவில்லை என்று நர்ஸ் பொண்ணு சுஜா எடுத்து மாட்டியிருக்கிறது. கறையை மறைக்க வந்த படம் என்ன செய்திருக்கிறது என்று உங்களுக்குத் தெரியவேண்டும். அதற்காகத்தான் இந்தக் கடுதாசி.

இங்கே நாங்கள் முப்பத்தொரு பேர். முன்னெல்லாம் பாதிப் பேர் தட்டை வாங்கிக்கொண்டு அறைக்குப் போய்க் கட்டிலில் உட்கார்ந்து சாப்பிடுவார்களாம். கூடத்தில் உட்கார்ந்து எதைப் பார்ப்பது, ஆஸ்பத்திரிப் பச்சையில் ஒரு சுவரையா? இப்போது நல்ல நாற்காலிக்குப் போட்டி. எல்லாம் அந்த நடுவில் நிற்கும் இரண்டு ஆள்களால் வந்தது. ஒருத்தன் விற்கிறவன், ஒருத்தன் வாங்குகிறவன். இரண்டு பேர் கையும் ஒரு துண்டுக்கு அடியில் இருக்கிறது. சந்தையில் விலையை வாயால் சொல்ல மாட்டார்கள், துண்டுக்குள் விரலைப் பிடித்துத்தான் பேசுவார்கள் என்பது உங்களுக்கு நான் சொல்லவேண்டியது இல்லை. உள்ளே எந்த விரல் எந்த விரலைப் பிடித்திருக்கிறது என்பதில்தான் இங்கே தினமும் தகராறு. விராலிமலைப் பக்கத்து விவசாயி சின்னையா, விற்கிறவன்தான் ஜெயிப்பான் என்கிறார். ‘கன்னத்த உள்ள இழுத்திருக்கான் பாருங்க, சிரிப்ப அடக்குறான்’ என்று விளக்கம் வேறு. ஒரு ஆட்டுக்குட்டிகூட வாங்கியறியாத தைரியராஜ் சார், வாங்குகிறவன் ஏற்கெனவே கயிற்றைப் பிடித்துவிட்டான், அவன்தான் ஜெயிப்பான் என்கிறார். இதை எழுதும்போது சிரிக்கிறார்.

வெள்ளையம்மாள் என்று ஒரு அம்மா. மணப்பாறைக்கு அந்தப் பக்கம் ஊர். சாயங்காலம் விளக்குப் போட்டதும் ‘மாட்டப் புடிச்சுக் கட்டணும், வீட்டுக்குப் போறேன்’ என்று கேட்டைப் பார்த்து உட்கார்ந்து அழுவாராம். நடக்கப் பழக்க வந்தவர் மாதக்கணக்கில் கெஞ்சியும் வாக்கரை வைத்து நாலு அடிக்கு மேல் போனதில்லை. இப்போது விளக்குப் போட்டதும் அழுவதில்லை. கூடத்து வாசலிலிருந்து படம் வரைக்கும் பதினாலு அடி, தானாக நடந்து வருகிறார். மடி கனத்த ஒரு பசு கழுத்தைத் திருப்பிக் கத்துகிறதே, அதன் கன்று எங்கே என்று தேடுகிறார். தேடி முடித்து, ‘நாளைக்குப் பாக்கலாம்’ என்று போய்த் தூங்குகிறார். தூக்க மாத்திரையைப் பாதியாகக் குறைத்துவிட்டதாக சுஜா சொன்னது. நாங்கள் எல்லோரும் தேடிவிட்டோம் சார். கன்று போட்டீர்களா, இல்லையா?

நான் பாதி ஆயுசுக்குப் படங்களின் ஓரத்தை மட்டும் பார்த்தவன். பெருமாள், முருகன், மாதா, செத்துப்போனவர்கள், கல்யாண ஜோடிகள், எல்லாம் எனக்கு நீளம் இத்தனை, அகலம் இத்தனை. என் வீட்டுச் சுவரில் காபா படம் ஒன்றுதான். இந்த வயதில்தான் ஒரு படத்தின் நடுவைப் பார்க்க நேரம் கிடைத்திருக்கிறது. அந்த முதல் படம் உங்களுடையதாக அமைந்தது. புழுதிக்குள் வெயில் நிற்கிறதே சார், அதை எப்படிப் போட்டீர்கள்?

இந்தப் படத்தை அடுத்த மாதம் கழட்டப்போகிறார்கள். துறையூர் அரிசி ஆலைக்காரர் ஒருவர் பெரிய டிவி தருகிறார். பிப்ரவரி பதினெட்டு, ஞாயிற்றுக்கிழமை வந்து மாட்டுகிறார். அந்தச் சுவர்தான் வேண்டுமாம். படம் திரும்பவும் ஸ்டோருக்கு. மேலாளர் கிளமென்ட் தம்பியிடம், இது ஜேக்கப் மாஸ்டர் போட்டது, சாதாரணப் படம் இல்லை என்று வாதாடினேன். ‘பேரு எங்க பாய் இருக்கு? பேரில்லாத படத்துக்காக நான் கமிட்டியில எப்படிப் பேசுறது?’ என்கிறார். இவ்வளவு பெரிய வேலையில் பேர்கூடப் போடாமல் விட்டது உங்கள் பெருந்தன்மை. ஆனால் இப்போது அதுவே இடிக்கிறது. இது என் படம் என்று நீங்கள் இரண்டு வரி எழுதித் தந்தால் போதும்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். டாக்டர் வீட்டுப் புதுமனை புகுவிழாவுக்கு அப்புறம் நீங்கள் என் கடைப் படியை மிதிக்கவில்லை. என்ன தப்புச் செய்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

உங்கள் அன்பை மறக்காத
குத்புதீன்
(சொன்னபடி எழுதியது: தைரியராஜ்)


மூலத்தோப்பு, ஸ்ரீரங்கம்
19-1-2024

குத்புதீன் பாய்க்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. உங்கள் மனைவியின் மறைவுக்கு வருந்துகிறேன். கடைக்கு வரும்போதெல்லாம் திரைக்குப் பின்னாலிருந்து டீ அனுப்புவார்கள். முகம் பார்த்ததில்லை. டீயின் ருசி ஞாபகம் இருக்கிறது.

‘பெருந்தன்மை’ என்ற இடத்தில் கடிதத்தை மடித்து வைத்துவிட்டேன். நாலு நாள் கழித்துத்தான் மீதியைப் படித்தேன். மறதியா, கேலியா என்று தெரியவில்லை. உங்கள் ஞாபகசக்தியை அறிந்தவன் என்பதால் மறதி என்று நம்ப முடியவில்லை.

பேர் போடாத படம் என்று என்னிடம் ஒன்றுகூடக் கிடையாது. அந்தப் படத்தின் வலது கீழ்ப்பக்கம் இரண்டு வரி எழுதியிருந்தேன். நீங்கள் மவுண்ட் அட்டையால் அதை மூடினீர்கள். படத்தைச் சுற்றி நீங்கள் வெட்டி வைக்கும் வெள்ளை அட்டை மூன்று பக்கமும் சரியாக இருந்தது. கீழ்ப்பக்கம் மட்டும் இரண்டு விரல் மேலே ஏறியிருந்தது. கை தவறியதென்றால் எல்லாப் பக்கமும் தவறியிருக்கும். டாக்டர் வீட்டுக் கூட்டத்தில், கையில் பாயசத்தோடு நின்று அதைப் பார்த்தேன். பாயசத்தை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

முதல் வரி என் பேர். அதை மறைத்ததைக்கூடப் பெரிதாக எடுத்துக்கொண்டிருக்க மாட்டேன். இரண்டாவது வரியை மறைத்தீர்களே, அதுதான். அது உங்களுக்குப் பிடிக்கவில்லை என்று புரிந்துகொண்டேன். பிடிக்கவில்லை என்றால் என்னிடம் சொல்லியிருக்கலாம். அதைவிட்டு அட்டையைப் போட்டு மூடியது எனக்கு அவமானமாக இருந்தது. நேரில் வந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கவேண்டும் என்று இப்போது என் மகள் சொல்கிறாள். கேட்கவில்லை. நான் அப்படிப்பட்டவன்.

மேலாளருக்கு எழுதித் தர எனக்கு விருப்பமில்லை. படத்தை அவர்கள் எங்கே வைத்தாலும் சரி.

அந்த அம்மா தேடும் கன்று படத்தில் இருக்கிறது. டீக்கடைக்குப் பின்னால் நிற்கும் வண்டியின் சக்கர ஆரக்கால்களுக்கு இடையில் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு காதும் அரை முகமும் தெரியும். அவர்களிடம் மட்டும் சொல்லவும்.

ஜேக்கப்


காட்டூர்
27-1-2024

ஜேக்கப் சாருக்கு,

குத்புதீன் சலாம். இந்தக் கடுதாசியை ஆரம்பிக்க மூன்று நாள் ஆனது. உங்கள் கடுதாசியைத் தைரியராஜ் சார் படித்துக் காட்டினார். இரண்டாவது வரி என்ன என்று அவர் என்னைக் கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். அவர் நம்பவில்லை. நீங்களும் நம்ப மாட்டீர்கள். நம்பவேண்டுமானால் நான் இன்னொன்றைச் சொல்லியாக வேண்டும். கமர் ஜஹான் ஒருத்திக்கு மட்டும் தெரிந்த விஷயம்.

சார், எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஒரு எழுத்துகூடத் தெரியாது. கண்ணில் புரை இருப்பது நிஜம்தான். ஆனால் புரை இல்லாவிட்டாலும் இதே கதைதான்.

(இந்த இடத்தில் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன் என்பதை நான் பதிவு செய்கிறேன். தினமும் காலையில் என் எதிரே பேப்பரை விரித்துக்கொண்டு உட்காருவார். நான் பக்கத்தைத் திருப்பினால் இவரும் திருப்புவார். ஒரு நாள்கூட எனக்குச் சந்தேகம் வரவில்லை. – தைரியராஜ்)

ஏழு வயதில் அத்தா மௌத்து. படக்கடையில் கண்ணாடி துடைக்கச் சேர்ந்தேன். பள்ளிக்கூடம் எந்தப் பக்கம் என்றுகூடப் பார்க்கவில்லை. சொந்தமாகக் கடை போட்ட பிறகு வெட்கம் வந்துவிட்டது. எப்படிச் சமாளித்தேன் என்று கேட்பீர்கள். ரசீதுப் புத்தகத்தை நீட்டி, ‘நீங்களே எழுதிடுங்க, உங்க கையெழுத்து அழகா இருக்கும்’ என்பேன். உங்களிடம் எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன். அளவும் பேரும் விலாசமும் தலைக்குள் வைத்துக்கொள்வேன். படத்தின் பின்பக்கம் சாக்பீஸால் எனக்கு மட்டும் புரியும் ஒரு குறி. எழுத்துள்ள படம் வந்தால் எது மேல், எது கீழ் என்று தெரியாது. உள்ளே கொண்டுபோவதுபோல் திரைக்கு அந்தப் பக்கம் காட்டுவேன். சரியாக இருந்தால் கமர் ஜஹான் ஒரு தடவை இருமுவாள். தலைகீழாக இருந்தால் இரண்டு தடவை. அவளுக்கு நெஞ்சு சளி என்று அக்கம்பக்கத்தில் கஷாயம் கொடுத்தனுப்புவார்கள்.

உங்கள் பேரின் உருவம் எனக்குத் தெரியும். எல்லாப் படத்திலும் மூலையில் கறுப்பு மையில், சின்னதாக, மீன் முள் போல இருக்கும். அந்த முள்ளைத் தொடாமல்தான் அட்டை வெட்டுவேன். சந்தைப் படத்தில் மீன் முள் இல்லை. கீழே, செம்மண் நிறத்தில், ஈரத் தூரிகையை இழுத்த மாதிரி இரண்டு கோடு இருந்தது. நீங்கள் தாள் ஓரத்தில் வண்ணத்தைத் தடவிச் சோதித்துப் பார்ப்பீர்கள் இல்லையா? அந்தத் தடவலை மறைப்பது எப்போதும் என் வேலை. மாஸ்டர் இந்தத் தடவை படத்துக்குள்ளேயே சோதித்துவிட்டார், அவசரம்போல என்று நினைத்தேன். உங்களுக்கு உபகாரம் செய்வதாக நினைத்து இரண்டு விரல் அட்டையை ஏற்றி வெட்டினேன். நல்லவேளை கவனித்தோம் என்று பெருமைகூடப் பட்டேன் சார்.

கேட்பதற்குத் திரைக்குப் பின்னால் ஆள் இல்லை. அவள் தாஹாவின் பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்தாள். அந்த நாற்பது நாளில் எழுத்தோடு வந்த படம் அது ஒன்றுதான். அவள் இருந்திருந்தால் ஒரு இருமலோடு போயிருக்கும்.

இரண்டாவது வரி என்ன என்று எனக்குத் தெரியாது. அதை வேண்டாம் என்று மூட நான் யார்? உங்கள் மனசை முப்பத்தெட்டு வருஷம் நோகவைத்திருக்கிறேன். மன்னிக்கவேண்டும்.

வெள்ளையம்மாளிடம் கன்றைப் பற்றி நீங்கள் சொன்னபடி காதில் மட்டும் சொன்னேன். வாக்கரை விட்டுவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு போய்க் கண்ணாடியில் மூக்கை ஒட்டிப் பார்த்தார். ‘கட்டாம விட்டா வண்டிக்கு அடியிலதான் போயிப் படுக்கும்’ என்று அதைத் திட்டினார். இப்போது தேடுவதில்லை. இருக்கிறதா என்று சரிபார்க்கப் போகிறார். மேலாளர் வந்து அளவெடுத்தபோது அவரிடம் சொன்னார்: ‘நீ மாட்டையெல்லாம் கழட்டிட்டா, பொழுதுபோனா நான் எங்க தம்பி போயி நிப்பேன்?’ கிளமென்ட் தம்பி டேப்பைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார். ஆனாலும் தேதி மாறவில்லை.

நீங்கள் அனுமதி தந்தால் சட்டத்தைத் திறந்து அட்டையை மாற்றிவிடுகிறேன். நான் மூடியதை நானே திறக்க வேண்டும். பிப்ரவரி பதினெட்டுக்குள் செய்தால் பேரைக் காட்டி மேலாளரிடம் பேசலாம். அவர்கள் கழட்டினாலும் பரவாயில்லை, உங்கள் பேரோடு கழட்டட்டும்.

இதுவரை பேங்கிலும் தாலுகா ஆபீஸிலும் ஒளித்து ஒளித்து வைத்ததை உங்களுக்கு வெளிப்படையாக வைக்கிறேன்.

குத்புதீன், இடது பெருவிரல் ரேகை


மூலத்தோப்பு, ஸ்ரீரங்கம்
6-2-2024

அன்புள்ள குத்புதீன் பாய்க்கு,

ரேகையைப் பார்த்துக்கொண்டே வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன். மகள் வந்து என்னப்பா என்று கேட்டாள். கடிதம் எழுதத் தாள் எடுத்துவரச் சொன்னேன்.

முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தே எவன் வீட்டுப்பாடம் எழுதவில்லை என்று கண்டுபிடித்தவன் நான். எத்தனை ரசீது என் கையால் எழுதியிருக்கிறேன். ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. மன்னிப்புக் கேட்கவேண்டியது நீங்கள் இல்லை.

இன்னும் ஒன்று. எப்போதும் ஆங்கிலத்தில் இரண்டு எழுத்தைக் கிறுக்குகிறவன், அன்றைக்குத் தமிழில், தூரிகையால், நீளமாக எழுதினேன். சந்தைப் புழுதியோடு புழுதியாகக் கலந்து இருக்கட்டும் என்று செம்மண் வண்ணத்தை எடுத்தேன். தாள் ஈரமாக இருந்ததால் எழுத்துகள் கசிந்தன. அதுவும் அழகாக இருக்கிறதென்று விட்டுவிட்டேன். படிக்கத் தெரிந்தவனே தடுமாறியிருப்பான்.

உங்கள் முதல் கடிதத்தின் மேல் கோபமாக இருந்த நாலு நாளிலும் அதிலிருந்த ஒரு விஷயம் என்னை விடவில்லை. அந்த அம்மாவின் பதினாலு அடி. இங்கே மூன்றாவது மாடி ஃப்ளாட். வாடகை வீடு, ஆணி அடிக்கக் கூடாது. சுவரெல்லாம் வெள்ளை. ஜன்னலில் ராஜகோபுரத்தின் உச்சி தெரியும், அவ்வளவுதான். என் படங்கள் ஒரு பெட்டிக்குள் கட்டிலுக்கு அடியில் இருக்கின்றன. நான் தூரிகையைத் தொட்டு ஆறு வருஷம். என்னுடைய ஒன்று எங்கோ காட்டூரில் ஒரு கிழவியைத் தினமும் நடக்க வைக்கிறது என்று படித்தபோது, கோபத்தோடு கோபமாக, மகளின் மளிகைச் சீட்டுக்குப் பின்னால் அதை வரைந்து பார்த்தேன். வாக்கர், வளைந்த முதுகு, நீளமான கூடம். கோடு முன்போல நேராக வரவில்லை. ஆனால் முதுகு சரியாக வந்திருக்கிறது. இத்துடன் வைத்திருக்கிறேன், அவர்களிடம் கொடுங்கள்.

மேலாளருக்குத் தனியாகக் கடிதம் எழுதி இதே உறைக்குள் போட்டிருக்கிறேன்.

சட்டத்தைத் திறங்கள். இரண்டாவது வரி என்ன என்று நான் எழுத மாட்டேன். தைரியராஜ் சார் படித்துச் சொல்லட்டும்.

பிரியத்துடன்
ஜேக்கப்


காட்டூர்
4-3-2024

என் அன்பான ஜேக்கப் சாருக்கு,

குத்புதீன் சலாம். பதில் எழுத ஒரு மாதம் ஆகிவிட்டது. காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

பதினேழாம் தேதி சனிக்கிழமை காலை, இட்லி முடிந்ததும், படத்தை இறக்கிச் சாப்பாட்டு மேசையில் குப்புறப் படுக்க வைத்தோம். முப்பத்தொரு பேரும் சுற்றி நின்றார்கள், ஏதோ ஆபரேஷன் நடக்கிற மாதிரி. என் பழைய கத்தியும் இடுக்கியும் டிரங்குப் பெட்டியில் கமர் ஜஹானின் மூக்குக் கண்ணாடிக்குப் பக்கத்தில்தான் இருந்தன. ஆணிகளைப் பிடுங்கினேன். என் சாக்பீஸ் குறி இன்னும் அழியாமல் இருந்தது. உங்கள் குறி மீன், தெரியுமா? பலகையை எடுத்தோம், படத்தைத் திருப்பினோம், அட்டையைத் தூக்கினேன். வெளிச்சம் படாத அந்த இரண்டு விரல் இடத்தில் வண்ணம் நேற்றுப் போட்டது போல இருந்தது.

தைரியராஜ் சார் குனிந்து படித்தார். ‘வரைந்தது ஜேக்கப்.’ அப்புறம் நிறுத்திவிட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எனக்குப் பயமாகிவிட்டது. சாருக்கு என்னவோ மோசமாக வந்திருக்கிறது என்று நினைத்தேன்.

‘சட்டம் குத்புதீன்னு போட்டிருக்கு பாய்.’

திரும்பப் படிக்கச் சொன்னேன். படித்தார். மூன்றாவது தடவை என் விரலைப் பிடித்து அந்த எழுத்துக்கு மேலேயே வைத்தார்.

சார், எத்தனை ஆயிரம் படத்துக்குச் சட்டம் போட்டிருப்பேன். சட்டம் போட்டவன் பேரை யாராவது படத்தில் எழுதுவார்களா? உங்கள் பேருக்குக் கீழேயே, அதே அளவில், அதே வண்ணத்தில் எழுதியிருக்கிறீர்கள். என் பேரின் மேல் நானே அட்டையை வைத்து, கண்ணாடியைப் போட்டு, ஆணி அடித்திருக்கிறேன். நீங்கள் பாயசத்தை வைத்துவிட்டுப் போனது இப்போது எனக்குப் புரிகிறது. உங்கள் இடத்தில் நான் இருந்திருந்தால் கடையையே கொளுத்தியிருப்பேன்.

புது அட்டை வெட்டினேன். புரை விழுந்த கண்ணுக்குக் கோடு சரியாகத் தெரியவில்லை. தைரியராஜ் சார் அளவுகோலை அமுக்கிப் பிடித்தார். சின்னையா அட்டை நகராமலிருக்க அதன் ஒரு மூலையில் ஏறி உட்கார்ந்துகொண்டார். அப்படியும் ஒரு வெட்டு மூலையைத் தாண்டிப் போய்விட்டது. பார்த்தால் தெரியும். நீங்கள் மன்னித்துவிடுவீர்கள்.

மறுநாள் ஆலைக்காரர் டிவியோடு வந்தார். சாப்பாட்டு நேரம். உங்கள் கடிதத்தைக் கிளமென்ட் தம்பி அவரிடம் கொடுத்தார். அவர் கையில் வைத்துக்கொண்டு படத்துக்கு முன்னால் போய் நின்றார். கொஞ்ச நேரம் கழித்து, ‘வாங்குறவன் அமுக்கிட்டான்’ என்று தனக்குத் தானே சொன்னார். சின்னையாவால் பொறுக்க முடியுமா? ‘எதவச்சுச் சொல்றீங்க?’ என்று எழுந்துவிட்டார். அரை மணி நேரம். அவருக்குப் போட்ட சாப்பாடு ஆறிவிட்டது. அவருடைய அப்பாவும் சந்தைக்குப் போகிறவராம். துண்டுக்குள் விரல் பிடிப்பதைச் சின்ன வயதில் பார்த்தாராம், உள்ளே என்ன நடந்தது என்று கடைசிவரை அப்பா சொல்லவே இல்லையாம்.

போகும்போது கீழே எழுதியிருந்ததைப் படித்துவிட்டு, ‘இதுல குத்புதீன் யாரு?’ என்று கேட்டார். பள்ளிக்கூடமே போகாதவன், சார், நான் கை தூக்கினேன்.

அவர் எனக்குக் கும்பிடு போட்டார். டிவியைப் பக்கத்துச் சுவரில் மாட்டச் சொல்லிவிட்டார். மத்தியானத்தில் அதில் வெயில் பட்டு ஒன்றும் தெரியாது. யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

நீங்கள் அனுப்பிய சின்னப் படத்துக்கு என் பெட்டியில் கிடந்த மிச்சக் கட்டையில் ஒரு சட்டம் போட்டு வெள்ளையம்மாள் அறை வாசலில் மாட்டியிருக்கிறேன். ‘யாரு இந்தக் கெழவி, கூன் விழுந்து?’ என்றார். நீங்கதான் என்றோம். மறுநாளிலிருந்து முதுகை நிமிர்த்தி நடக்கிறார்.

உங்கள் வீட்டுச் சுவருக்கு ஆணி வேண்டாம். ஜன்னல் திரை மாட்டும் கம்பியில் இரண்டு கயிறு கட்டித் தொங்கவிடலாம். சுவரில் ஒரு கீறல் விழாது. பெட்டியைக் கட்டிலுக்கு அடியிலிருந்து எடுங்கள். ஒன்றை மாட்டிவிட்டு மகளிடம் கேளுங்கள், அந்த அறையில் யார் யார் வந்து உட்காருகிறார்கள் என்று.

அடுத்த வாரம் எனக்கு நோன்பு ஆரம்பம். உங்களுக்குத் தவக்காலம் நடக்கிறது. நீங்களும் சாப்பிட மாட்டீர்கள், நானும் சாப்பிட மாட்டேன். அதனால் என் நோன்புக்கு முன்னால் இந்த ஞாயிற்றுக்கிழமையே வந்தால் நல்லது. சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஏறினால் எங்கள் வாசலில் இறங்கலாம். டீ கமர் ஜஹான் டீ மாதிரி இருக்காது. துண்டுக்குள் யார் யார் விரலைப் பிடித்திருக்கிறார்கள் என்று மட்டும் யார் கேட்டாலும் சொல்லிவிடாதீர்கள். இங்கே முப்பத்தொரு பேர் அதை வைத்துத்தான் சாப்பிடுகிறோம்.

தாமதத்துக்குக் காரணம் சொல்கிறேன் என்றேன். தினமும் சாப்பிட்டு முடித்ததும் படத்துக்குக் கீழே நாற்காலியைப் போட்டு உட்காருவேன். மடியில் ஒரு அட்டை, கையில் பென்சில். இந்தக் கடுதாசி முழுக்கத் தைரியராஜ் சார் எழுத்து. கீழே இருக்கும் ஒன்று மட்டும் அவர் எழுதியது இல்லை. உங்கள் எழுத்தைப் பார்த்துப் பார்த்து நான் போட்டது. நீங்கள் எழுதியது போலவே சாய்ந்து நிற்கிறதாம். கடைசிப் புள்ளி கொஞ்சம் தள்ளி விழுந்துவிட்டது. மெழுகு வைத்து அடைக்க முடியாது, அப்படியே விட்டுவிட்டேன்.

குத்புதீன்